வெர்னாவின் பெர்மனென்ட்

அஹிஹிக், மெக்சிகோ
மே 2, 2017

அன்புள்ள ஓர்வில் அண்ணாவுக்கு,

நான் நலம். முட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு கட்சி நடத்துகின்றன, மற்றபடி நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கண்ணில் தூசி விழுந்து உறுத்துகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, போயிற்றா?

என் கணவர் கிளிஃப் இறந்து பதினான்கு மாதம் ஆயிற்று. நேற்றுதான் அவர் மேசையின் அடி இழுப்பறையைத் திறக்கத் தைரியம் வந்தது. உள்ளே ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால், நம் பச்சை வண்டியின் காகிதங்கள்! 2013இல் எல்லையில் கொடுத்த அனுமதிச் சீட்டு, அடுத்த வருடம் எங்கள் குடியிருப்பை மூன்று வருடத்துக்குப் புதுப்பித்ததும் சுங்கத்துக்கு எழுதிக்கொடுத்து முத்திரை வாங்கிய தாள், எல்லாம் தேதி வாரியாக. அந்தக் கடிதம் கொடுக்கத் தவறியிருந்தால் டெபாசிட் போயிருக்குமாம். தன் காலுறையை ஒருநாள்கூடத் தானாகக் கண்டுபிடிக்காத மனிதர் இதைச் செய்திருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

டெபாசிட் நினைவிருக்கிறதா? எங்களை வழியனுப்ப அமெரிக்க எல்லையில் லாரெடோ வரை கூடவே வந்தாய். பாலத்தடி அலுவலகத்தில் எங்கள் வங்கி அட்டையை இயந்திரம் துப்பிவிட்டது. நீ ஓரமாகப் போய் பூட்ஸைக் கழற்றி, காலுறைக்குள்ளிருந்து நானூறு அமெரிக்க டாலரை எடுத்து வைத்தாய். கவுன்டரில் இருந்த பெண் அதை இரண்டே விரலால் வாங்கினாள். வண்டி நாட்டை விட்டு வெளியேறும் நாளில் திருப்பித் தருவோம் என்றார்கள்.

அந்த நாள் வந்துவிட்டது. தற்காலிக வாசியாக நான்கு வருடம்தான் இருக்கலாம், எனக்கு நவம்பர் இருபதோடு அது முடிகிறது. அதற்குப் பிறகு வெளிநாட்டு நம்பர் வண்டி இங்கே நிற்கக் கூடாது. அதற்குள் நானே எல்லைக்கு ஓட்டி வர வேண்டும். நீ லாரெடோவுக்கு வந்து வண்டியையும் உன் காலுறைப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறாயா? தொலைபேசியில் கேட்டிருப்பேன். கிளிஃப் செய்தியை அதில் கேட்டதிலிருந்து நீதான் அதைத் தொடுவதில்லையே.

பக்கத்து வீட்டு எல்வீரா உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். குவாதலஹாரா போய் பெர்மனென்ட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டு வந்தேன், நவம்பரில் ஆகிவிடும்.

உன் அன்புத் தங்கை
வெர்னா


வெய்பர்ன், சஸ்காச்சுவன், கனடா
ஜூன் 3

வாயாடித் தங்கைக்கு,

நான் நலமே. இடுப்பு சொன்னபடி கேட்கிறது. தூசி கிடக்கட்டும். விதைப்பு முடிந்தது. பக்கத்துப் பண்ணை மைரன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னேன்.

உன் கடிதம் பத்து நாள் பயணம் செய்து வந்தது. காலுறைப் பகுதிக்கு வந்ததும் மைரனின் மனைவி லூபா இருமும் வரை சிரித்தாள். அந்தப் பணத்தை நான் மறந்ததே இல்லை. கட்டாயம் வருகிறேன். துணைக்கு மைரனும் வருவான்.

முடிக்குப் பெர்மனென்ட் போடவா குவாதலஹாரா வரை போனாய்? அதுவும் ஆறு மாதம் முன்னால் சொல்லி வைத்து? அம்மாவும் அத்தைகளும் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பெர்மனென்ட் போட்டுக்கொண்டு வந்தால், வீடெல்லாம் அமோனியா நாறும். எல்லாருக்கும் ஆறு மாதம் நின்றது, உனக்கு மட்டும் மூன்று வாரத்தில் சுருள் எல்லாம் குச்சியாகிவிட்டது. உன் மண்டைக்கு எதுவும் நிரந்தரமில்லை. காசை வீணாக்காதே.

வண்டி வெளியேறுகிறது என்றால் ஓட்டுகிறவளும் வெளியேறுகிறாள் என்றுதானே அர்த்தம்? தெற்குப் பக்க அறையைக் காலி செய்துவிட்டேன். பெயின்ட் அடிக்கப் போகிறேன்.

எல்வீராவுக்கு என் வணக்கம்.

ஓர்வில்


அஹிஹிக்
ஜூன் 29

அன்பு அண்ணா,

நலம்தானே? எனக்கென்ன, குறையில்லை. மழை தொடங்கிவிட்டது. நேற்று ஏரியின் மறு கரையில் மலை மேல் மின்னல் ஓயாமல் அடித்தது, சத்தமே இல்லை. ஊரே கரையில் நாற்காலி போட்டுப் பார்த்தது. நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு வாய் மூடுவதில்லை.

முதலில் ஒரு சண்டை. எதற்கு இப்படி மார்க்கர் பேனாவில் பலகை எழுத்து எழுதுகிறாய்? ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி அதன் மேல் படுத்துக்கொள்கிறது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும், ஐயா. இன்னொன்று, என் கடிதத்தை லூபா ஏன் படிக்கிறாள்?

வண்டிக்கு இங்கே ஓர் ஆபத்து வந்து போயிற்று. முன்கண்ணாடியில் சுங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, தெரியுமல்லவா? அதை எல்லையில் அதிகாரிதான் உரிக்க வேண்டும். நாமாக உரித்தாலோ, கிழித்தாலோ டெபாசிட் கோவிந்தா. போன வாரம் வண்டி கழுவ சாலொமோனிடம் விட்டேன். கடையில் எலுமிச்சை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், மனிதர் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு குனிந்திருக்கிறார்! நான் போட்ட கூச்சலில் மாதா கோவில் புறாக்கள் கிளம்பிவிட்டன.

"என்ன சீமாட்டி, பழசாயிடுச்சு, அசிங்கமா இருக்கு, எடுத்துடலாம்னு பாத்தேன்" என்றார்.

"அதத் தொட்டீங்கன்னா நான் செத்தேன்!"

"ஒரு ஸ்டிக்கருக்கா?"

ஒரு மூலை மட்டும் நகக்கண் அளவு எழும்பியிருக்கிறது. இப்போது அதன் மேல் துணி மூடி வைத்திருக்கிறேன். எல்வீரா அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றவா என்று கேட்கிறாள்.

நீ பெர்மனென்ட் பற்றி எழுதியதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உங்க அண்ணங்கிட்ட சொல்லிடுங்க வெர்னா" என்றாள். எதைச் சொல்ல? ஆமாம், நவம்பரில்தான். உன் மண்டையை விட என் மண்டை மேல்.

பெயின்ட் வேலை எல்லாம் இந்த வெயிலில் வேண்டாமே.

அன்புடன்
வெர்னா


வெய்பர்ன்
ஜூலை 30

தங்கைக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய். கோதுமை இடுப்பளவு நிற்கிறது.

லூபாவுக்கு உன் எழுத்து பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். மார்க்கர் பேனா மைரன் போகும் கடையில் ஒரு டஜன் மலிவாகக் கிடைத்தது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாலையோரப் பள்ளத்தில் எருக்குப் போலப் பால் வடியும் களைச்செடி நிற்குமே, அதை இந்த வருடம் வெட்ட வேண்டாம் என்று மைரனிடம் சொன்னேன். அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார். அதில் அந்த ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள் முட்டை வைத்திருக்கின்றன. லூபா ஒரு புழுவை இலையோடு எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது தின்கிற சத்தம் கேட்டது, வெர்னா. எழுபத்தேழு வயதுக்கு எத்தனையோ கோடிப் புழுவை மருந்தடித்துக் கொன்றிருக்கிறேன், ஒன்று தின்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டது இதுதான் முதல்முறை. காகிதம் கிழிக்கிற மாதிரி இருந்தது. கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இதன் வம்சம்தான் இங்கிருந்து உன் நாட்டுக்குப் பறந்து வருகிறதாமே. யார் அதற்கு வழி சொல்கிறார்கள்?

அறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. மஞ்சள் என்று மைரன் சொல்கிறான். உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். தேதி சொல்.

ஓர்வில்


அஹிஹிக்
ஆகஸ்ட் 20

அன்பு அண்ணா,

இங்கே எல்லாரும் சுகம். புழு பற்றி நீ எழுதியதை நான்கு முறை படித்தேன். எல்வீராவுக்கும் படித்துக் காட்டினேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ இப்படியெல்லாம் எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் நாற்பது வருடமாக உன்னிடமிருந்து மழை அளவு மட்டும் கேட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

மஞ்சள் நல்ல நிறம்.

அறை பற்றி உனக்கு எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு தாளையும் அடுப்பில் போட்டேன். கிளிஃபுக்குக் கல்லறையில் பெயர் வெட்டி முடித்துவிட்டார்கள். வெட்டியவர் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார், நான் கேட்காமலே. இந்த ஊர்க்காரர்கள் அப்படி. காலையில் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன். அது ஒரு நாள் தவறினால் எனக்கு அன்றைக்குப் பொழுதே விடிந்த மாதிரி இல்லை.

வேறு என்ன எழுத. உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னா


அஹிஹிக்
செப்டம்பர் 25

அண்ணா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அறுவடை நேரம் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். உடம்பு ஏதாவது சரியில்லையா? நான் எழுதியதில் ஏதாவது கோபமா? திட்டியாவது எழுது, அந்தப் பலகை எழுத்திலேயே திட்டு.

தேதி குறித்துவிட்டேன். அக்டோபர் 26, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. நுயேவோ லாரெடோவில், ஆற்றின் மெக்சிகோ கரையில், பாலத்தடியில் அதே டெபாசிட் அலுவலகம். ஸ்டிக்கரின் அந்த மூலை இன்னும் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. ஒட்டுப்பசை போடலாம் என்றால் அதுவும் குற்றமாம். வழியெல்லாம் காற்றடிக்குமே என்று பயமாக இருக்கிறது.

உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பதில் போடு.

வெர்னா


அஞ்சலட்டை, வெய்பர்ன்
அக்டோபர் 9

வெர்னாவுக்கு. கோபமில்லை. நலம். 26, பன்னிரண்டு மணி, வருகிறேன். பழுப்புத் தொப்பி போட்டிருப்பேன். நீ என்னை முதலில் பார்த்தால் சத்தமாகக் கூப்பிடு. எனக்கும் சொல்ல ஒன்று உண்டு. ஓர்வில்.


சல்தியோவுக்கு அப்பால், நெடுஞ்சாலை ஓட்டல்
அக்டோபர் 25

அன்பு அண்ணா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக்கு உன் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஆனாலும் இப்போதே எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சாப்பிட்டேன், நலம், வண்டியும் நலம்.

நேற்றுக் காலை கிளம்பி, இரவு மத்தேவாலாவில் தங்கினேன். இன்று மதியம் சல்தியோ தாண்டி, மலைக் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரிகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தன. விபத்து என்று நினைத்தேன். அப்புறம் கண்ணாடிக்கு எதிரே ஒரு காய்ந்த இலை பறந்தது. இன்னொன்று. பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை.

உன் பள்ளத்துப் பட்டாம்பூச்சிகள், அண்ணா! மலையிடுக்கு முழுக்க, தரையிலிருந்து வானம் வரை, எல்லாம் ஒரே திசையில் தெற்கே போகின்றன. நான் வடக்கே போகிறேன், அவை என்னை நோக்கி வருகின்றன. வெயில் இறக்கை வழியாக இறங்கி, சாலை, லாரி, என் கை எல்லாம் ஆரஞ்சாகிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் நடுச்சாலையில் நின்று, மெதுவாக, மெதுவாக என்று இரண்டு கையையும் தாழ்த்திக் காட்டினார். ஒரு மைல் நீளத்துக்கு வண்டிகள் நடைவேகத்தில் ஊர்ந்தன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. மெக்சிகோவில், அண்ணா! ஹாரன் இல்லாமல்!

கடைசியில் எல்லாருமே வண்டியை நிறுத்திவிட்டோம். முன்னால் நின்ற லாரிக்காரர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். ஐம்பது வயதிருக்கும், தொப்பை. நானும் இறங்கினேன்.

"இவங்க எல்லாம் யாருன்னு தெரியுமா சீமாட்டி? செத்துப் போனவங்க. நவம்பர் ரெண்டாம் தேதிக்கு வீட்டுக்கு வர்றாங்க. எங்கம்மா சொல்லுவா."

"நெசமாவா?"

"யாருக்குத் தெரியும்? ஆனா எம் மாமியாரும் போன வருஷம் போய்ச் சேந்துட்டா. இந்தக் கூட்டத்துல இருந்தா? நான் ஒண்ணு மேல மோதினா, என் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லிடுவாளே! அதான் நிறுத்திட்டேன்."

நான் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் கைக்குட்டை கொடுத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளிஃப் இதில் இருந்தால் நிச்சயம் வழி தெரியாமல் கடைசியில்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டேன். உடனே அந்த பிஸ்கட் டப்பா நினைவு வந்தது. இல்லை, அவர் எல்லாக் காகிதமும் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் வருவார்.

ஒன்று என் முன்கண்ணாடியில், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கிழிந்த இறக்கை, ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. உன் வயலிலிருந்துதான் வந்ததோ என்னவோ. இவ்வளவு தூரத்தை இந்தக் கனத்தில், ஒரு கடிதத்தின் கனம்கூட இல்லாமல், எப்படி வந்தது? நான் அதன் முன்னால் மண்டியிடாத குறைதான். முட்டி இடம் கொடுக்கவில்லை.

இன்றைக்கு எல்லையைத் தொட்டிருக்க வேண்டும், இங்கேயே இருட்டிவிட்டது. நாளைக்கு உனக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன். காரணம் இதுதான்.

நாளை சந்திப்போம்.

வெர்னா


அஹிஹிக்
நவம்பர் 3

என் அன்பு அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேருந்தில் கால் வீங்கிற்று, வடிந்துவிட்டது. நீங்கள் மூவரும், அதாவது நீ, மைரன், நம் பச்சை வண்டி, நலமாக வீடு சேர்ந்தீர்களா?

லாரெடோ பேருந்து நிலையத்தில் நீ சொன்னாய்: "நான் பாக்காததெல்லாம் எழுதி அனுப்பு. லூபா படிப்பா." எழுதுகிறேன்.

நான் வந்தபோது மணி ஒன்றரை. நீ பாலத்தின் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். பழுப்புத் தொப்பி, சுத்தமான சட்டை, ஷூவுக்குப் பாலிஷ். ஆனால் வண்டிகள் வருகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி நின்றாய். மைரன் காபி வாங்கப் போயிருந்தான். உனக்கு மூன்றடி தூரத்தில் பிரேக் போட்டு இறங்கினேன். நீ என்னை நேராகப் பார்த்தாய், முகத்தில் ஒன்றுமே இல்லை. "ஓர்வில்" என்று கூப்பிட்டேன். அப்போதுதான் உன் முகம் மலர்ந்தது. நீ பார்த்தது என் குரலை.

மலைச்சாலைக் கடிதத்தைக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்து, "அப்புறம் படிக்கிறேன்" என்றாய். பிறகு திரும்பவும் எடுத்து என் கையில் கொடுத்தாய். "நீயே படிச்சுக் காட்டு வெர்னா. நடுவுல ஒண்ணும் தெரியல எனக்கு. ஓரம் மட்டும்தான் கொஞ்சம். வசந்தத்துலேருந்தே அப்படித்தான்."

மார்க்கர் பேனா, லூபா, "மஞ்சள் என்று மைரன் சொல்கிறான்." எல்லாம் என் கையில்தான் இருந்தது, நான்தான் பலகை எழுத்து என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் தகரக் கூரையின் கீழே நின்று படித்தேன். நீ தொப்பியைக் கழற்றிக் கேட்டாய். நீ பார்க்காதது இது: ஸ்டிக்கரை உரிக்க பிளேடோடு வந்த அதிகாரி, இளைஞன், நம் மொழி தெரியாதவன், நான் படித்து முடிக்கும் வரை பிளேடை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். பின்னால் வரிசை நின்றது. அவன் கண்டுகொள்ளவில்லை. பிறகு கண்ணாடியைப் பார்த்தான். வைப்பருக்கு அடியில் ஒரு இறக்கை மாட்டியிருந்தது. முதலில் அதை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அப்புறம்தான் ஸ்டிக்கர். அந்த மூலையிலிருந்து ஆரம்பித்து, குழந்தையின் கட்டுப் பிரிக்கிற மாதிரி, ஒரு கிழிசல் இல்லாமல் மொத்தமாக எடுத்தான். நான்கு வருட வெயில் பட்ட கண்ணாடியில், அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"வண்டி திரும்பி வருமாம்மா?" என்று கேட்டான்.

"வராது."

"நீங்க?"

அதற்குத்தான், நிரந்தர வாசியாகிறேன் என்று, நான் அந்த ஊர் வார்த்தையைச் சொன்னேன். "நாளைக்கே வந்துடுவேன். பெர்மனென்ட்டே."

உனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அந்த ஒரு வார்த்தை தெரிந்துவிட்டது. நீ கையை நீட்டி என் தலையைத் தேடினாய், காதில் பட்டது, அப்புறம் முடியில். விரலை விட்டுக் கோதிப் பார்த்தாய்.

"எங்கடி சுருள்? குச்சி குச்சியா இருக்கு!"

"அண்ணா, நான்…"

"ஆறு மாசமா பெர்மனென்ட், பெர்மனென்ட்னு எழுதுற. ஒரு கட்டு முடிக்கு எந்த நாட்டுல ஆறு மாசம் வரிசையில நிக்கணும்? ரெண்டாவது கடிதத்துலயே லூபா சொல்லிட்டா. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"பின்ன ஏன் அறைக்குப் பெயின்ட் அடிச்ச?"

"பெயின்ட் அடிச்சா நீயே சொல்லிடுவன்னு பாத்தேன். நீ எங்க சொன்ன? மஞ்சள் நல்ல நிறம்னு எழுதின!"

நீ சிரித்தாய். ஆனால் கை என் தலையிலேயே இருந்தது, அந்த இளைஞன் எங்கள் பக்கம் பார்க்காமல் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதுவும் நீ பார்க்காததுதான், அதனால் எழுதுகிறேன்.

கவுன்டரில் நானூறு டாலரை எண்ணி வைத்தார்கள். நீ வாங்க மறுத்துவிட்டாய். அது இப்போது பிஸ்கட் டப்பாவில், அந்த இறக்கையோடு இருக்கிறது.

நேற்று இறந்தவர்களின் நாள். கிளிஃபுக்குச் சாமந்தி வைத்து, அவருக்குப் பிடித்த வேர்க்கடலை பிஸ்கட்டும் வைத்தேன். ஏரி மேல் ஒரே ஒரு ஆரஞ்சுப் பூச்சி போனது. எல்லாருக்கும் கடைசியாக. யாராக இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

உன்னை அந்த மஞ்சள் அறைக்குப் பக்கத்தில் தனியாக விட்டுவிட்டு வந்தது என்னைத் தின்கிறது. திரும்பி வா என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேன். நீ சொல்லவில்லை.

வெர்னா


வெய்பர்ன்
டிசம்பர் 1

தங்கைக்கு,

நான் நலம். இது லூபாவின் கையெழுத்து, வார்த்தை என்னுடையது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. உன் கடிதம் மூன்று முறை வாசிக்கப்பட்டது. மைரனின் மாடு போட்ட கன்றுக்குப் பச்சை வண்டியின் நினைவாகத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நீ திரும்பி வரவேண்டும் என்று நினைத்தேன். மறைக்க மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை, கேட்டால் வந்துவிடுவாய் என்று தெரியும். பாலத்தடியில் நீ படித்ததைக் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரிந்தது, வெர்னா. கண் இருந்த காலத்தில்கூட நான் அப்படி எதையும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் வானத்தை மழை வருமா என்று கேட்க மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் கீழ்க்கண்ட விண்ணப்பம்.

தற்காலிக இறக்குமதி அனுமதி கோரப்படும் பொருள்: கிழவன், ஒன்று. மாடல்: 1940. நிறம்: மங்கிவிட்டது. முன்விளக்கு இரண்டும் பழுது, இடது ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. எண்ணெய் அதிகம் குடிக்காது. ஹாரன் மிக நன்றாக வேலை செய்கிறது (இது லூபா சேர்த்தது). அனுமதி காலம்: நூற்று எண்பது நாள். டெபாசிட்: நானூறு அமெரிக்க டாலர், ஏற்கனவே பிஸ்கட் டப்பாவில் கட்டப்பட்டுவிட்டது. பொருள் வெளியேறும் நாளில் தொகையைத் திருப்பித் தரவும்.

ஜனவரி 14, குவாதலஹாரா விமான நிலையம், மாலை நாலு மணி. மைரன் ரெஜைனாவில் ஏற்றிவிடுவான். நிலத்தை அவனுக்கே குத்தகைக்கு விட்டாயிற்று.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அந்தப் பூச்சிகள் குளிர்காலம் முழுக்க உங்கள் பக்கத்து மலைக் காட்டில் தொங்குமாமே, வெயில் பட்டால் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கிளம்புமாமே. அப்போது இறக்கைச் சத்தம் தூறல் மாதிரி கேட்கும் என்று லூபா எங்கோ படித்திருக்கிறாள். எனக்குப் பார்க்க வேண்டாம். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்து, நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர்வில்


அஹிஹிக்
டிசம்பர் 29

என் அண்ணாவுக்கு,

சுகம், சுகம், இரட்டைச் சுகம். ரெஜைனாவுக்கு நாளை பறக்கிற தம்பதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நீ கிளம்புவதற்கு முன்னால் வந்துவிடும். லூபா, சத்தமாகப் படி.

என் பெர்மனென்ட் அட்டை வந்துவிட்டது. படத்தில் நான் திருடி மாதிரி இருக்கிறேன். மலைக் காட்டுக்குக் குதிரையில் ஏற வேண்டுமாம். எல்வீராவின் மைத்துனரிடம் சாதுவான குதிரை ஒன்று இருக்கிறது, அதற்கும் ஒரு கண் தெரியாதாம், இருவரும் பேசிக்கொள்ளுங்கள். உன் அறைக்கு நான் பெயின்ட் அடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஏரித் தண்ணீர் கேட்கும் பக்கத்து அறையாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று ரொசால்வாவின் கடைக்குப் போனேன். மூன்று மணி நேரம், தலை முழுக்கச் சுருள், தெருவெல்லாம் அமோனியா நெடி. எல்வீரா என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். வந்து உன் கையாலேயே தடவிப் பார். என் மண்டைக் கணக்குப்படி மூன்று வாரம்தான் நிற்கும், ஜனவரி பதினெட்டோடு சரி. விமானத்தைத் தவற விடாதே.

ரொசால்வாவுக்குக் கொடுக்க அன்றைக்குக் கையில் காசில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன். டெபாசிட் குறைந்துவிட்டது, அண்ணா. இனி உன்னைத் திருப்பி அனுப்ப வழியில்லை.

உன் சுருட்டைமுடித் தங்கை
வெர்னா